இந்தா

தணிகாசலத்தின் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வாசலில் கட்டியிருந்த ஷாமியானாவையும் வாடகை நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மாடியில் மூடி வைத்திருந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றுக்குள், ஃபைட்டர் மீன் கட்டியிருந்த நுரையில் ஒரு குமிழி உடைந்து, ‘உப்பு’ என்றது.

‘ஆமாம், உப்புப் போட வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டாள் பூங்காவனம். அவள் தணிகாசலத்தின் மனைவி. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வேட்டிகளை எடுப்பதற்காக மாடிக்கு வந்திருந்தாள். வால் கிழிந்த மீனுக்கு அவர் கல்லுப்பு ஒரு சிட்டிகை போடுவார் என்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த உப்பு அவளுடைய சமையல்கட்டு ஜாடியிலிருந்துதான் மேலே போகும். கீழே இறங்கி ஒரு பிடி எடுத்துவந்து, பெட்டியின் மூடியை நகர்த்தி, சிட்டிகை போட்டுவிட்டு, வேட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் இறங்கும்போதுதான், அந்தக் குரல் யாருடையது என்பது உறைத்து, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெட்டேரியை ஒட்டிய அந்தத் தெருவில் மீன் இல்லாத மாடி கிடையாது. சிமெண்டுத் தொட்டியிலும், பழைய குளியல் தொட்டியிலும், ஓடாமல் போன பிரிட்ஜைப் படுக்கப் போட்டு அதன் வயிற்றிலும் கப்பி, மோலி, ஏஞ்சல் என்று குஞ்சு எடுத்து, காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஊர் ஊராக அனுப்பிப் பிழைக்கிற ஜனம் அது. அவர்களுக்கு நடுவே தணிகாசலம் ஒருவர்தான் ஆசைக்கு வளர்த்தார். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. பகலெல்லாம் இரும்பு இரும்பைச் சீவுகிற சத்தத்துக்குள் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டுக்குள் பேசத் தோன்றாது. சோறு போதும் என்றால் கையைக் காட்டுவார், வேண்டும் என்றால் தட்டைப் பார்ப்பார். ஆனால் காலையில் பல் தேய்த்த கையோடு மாடிக்குப் போய்விட்டால் அவருக்குள்ளிருந்து வேறொரு மனிதர் வெளியே வருவார். காலி குவார்ட்டர் பாட்டில்களில், ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துச் சண்டைக்கு நிற்காதபடி நடுவே அட்டை செருகி வரிசையாக நிறுத்தியிருந்த ஆண் மீன்களிடம், பட்டறை மேஸ்திரியைப் பற்றி, வராத தண்ணீர் லாரியைப் பற்றி, ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வினோதினியைப் பற்றிச் சொல்லுவார், முறையிடுவார், அதட்டுவார், தானே சிரித்துக்கொள்வார். கீழே அடுப்படியில் நிற்கிற பூங்காவனத்துக்கு அது யார் வீட்டு ரேடியோவோ போல ஒரு முணுமுணுப்பாக மட்டும் வரும். அவர் மீன்களோடு இருக்கிற நேரத்தில் அவள் மேலே போக மாட்டாள். மீனுக்குப் போடுகிற புழுவின் வீச்சம் அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருதரம் போய், சிவப்பு நூல்கண்டு மாதிரிக் கிண்ணத்துக்குள் அது நெளிவதைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தவள்தான்.

அப்படி அவர் பேசிய பேச்செல்லாம்தான் இப்போது நுரையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை, காலையில் மொபெட்டில் தெருத் தெருவாகப் புழு கொண்டுவந்து விற்கிற மாசிலாமணி, வாளியைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

“ஆண் மீனு மேல வந்து காத்த முழுங்கிக்கினுதான நுரை கட்டுது, அண்ணி? அந்தக் காத்துலதான அண்ணன் பேசிக்கினு இருந்தாரு? உள்ள போனது வெளிய வருது. இதுல இன்னா இருக்கு?”

தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு எத்தனையோ இருந்தன. ஒரு குமிழிக்கு ஒரு சொல்தான். உடையும்போது ஒரே ஒரு தடவைதான். தணிகாசலம் இருந்த காலத்தில் வளர்ந்த மீன்களில் ஒன்றைப் பெட்டியில் விட்டு, பெண் மீனோடு ஜோடி போட்டால், அது முதலில் கட்டுகிற நுரையில் சொல் இருந்தது. அதே மீன் மறுபடி கட்டுகிற நுரை வெறும் நுரையாக இருந்தது. அண்ணன் ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று மாசிலாமணிதான் ஒவ்வொரு மீனாக ஜோடி போட்டுக்கொண்டிருந்தான். குரலைப் போனில் பிடித்து மகளுக்கு அனுப்பினார்கள். “அம்மா, ஒண்ணுமே இல்லம்மா, ஒரு காக்கா கத்துது, அவ்வளவுதான்” என்று வினோதினி அழுதாள். பிறகு பஸ் பிடித்து வந்து, ஒரு பகல் முழுவதும் பெட்டிப் பக்கத்தில் தலையணை போட்டுப் படுத்திருந்து, ‘லாரி’ என்ற ஒரு சொல்லையும் ‘பாப்பா’ என்ற ஒரு சொல்லையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு அது கிடைத்தது. பூங்காவனத்துக்கு வேண்டியது கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

தெருவே அவளைப் பூங்காவனம் என்று கூப்பிடும். அவர் மட்டும் ‘இந்தா’ என்பார். சாவி காணாவிட்டாலும் இந்தா, காய்ச்சலில் அனத்தினாலும் இந்தா. மீன்களுக்குப் புழுவைக் கிள்ளிப் போடும்போதும் ‘இந்தா, இந்தா’தான். வினோதினி வயிற்றில் இருந்த நாளில் அவள் ஒருதரம் கேட்டாள்: “மீனுக்கும் இந்தா, எனக்கும் இந்தா. யாரைக் கூப்பிடுறீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போற? நீயும் வாயைத் தொறந்துக்கினுதான் வர, அதுங்களும் அப்படித்தான் வருதுங்க.”

அவர் வாழ்நாளில் செய்த சொற்ப வேடிக்கைகளில் அது ஒன்று. பாத்திரம் துலக்கும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறாள்.

அவர் விழுந்த காலையில் அவள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். ஜாரின் பக்கத்தில் ஒட்டியதை வழிப்பதற்காக மிக்சியை நிறுத்திய இடைவெளியில், மாடிப்படிக் கதவிலிருந்து ‘இந்தா’ என்று கேட்டது. தீனி போடுகிறார் என்று நினைத்தாள். வழித்து முடித்து, மூடியை அழுத்தி, மிக்சியைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. இட்லி ஆறிப்போய், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவள் மேலே போனபோது, கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் ஒரு கையை ஊன்றியபடி அவர் சரிந்து கிடந்தார். கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் புழு நெளிந்தது.

“ஒரு நொடியில போயிருக்கும்மா, அவருக்கே தெரிஞ்சிருக்காது” என்றார் வந்து பார்த்த டாக்டர். அந்த வார்த்தையைத் தெரு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குத் திரும்பத் திரும்ப ஊட்டியது. அவளோ தான் கேட்ட அந்த ‘இந்தா’வைப் பற்றி, ஒட்டிய மாடிக்காரி ரெஜினாவிடம் மட்டும் சொன்னாள், ஆகவே தெரு முழுவதற்கும் தெரிந்துபோனது. அது மீனுக்கா, எனக்கா? இதுதான் பூங்காவனத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

குரல் வருகிற வீடு என்று ஆனதும் தெரு அதற்கேற்ப நடந்துகொள்ளப் பழகியது. மாசிலாமணி தெருமுனையிலேயே மொபெட்டை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். குக்கர் வைக்கிறவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானங்களில் பெண்கள் ஆய்கிற கீரையையும் உரிக்கிற பூண்டையும் முறத்தோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் ஆய்ந்தார்கள். அவர்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. செத்தவர் குரலைக் கேட்கக் கூடாது என்று ரெஜினாவின் சபைப் போதகர் கண்டித்துச் சொல்லியிருந்தார். “நான் எங்க கேக்கப் போறேன், என் மாடியில நான் துணி காயப்போடுறேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் ஒரே சட்டையை அவள் நாலு தரம் உதறினாள். ஒருநாள் ஒரு குமிழி ‘கஞ்சன்’ என்று உடைந்தது. அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு தெருவில் மூன்று பேர் பூங்காவனத்தோடு பேசுவதை நிறுத்தினார்கள். மூன்று பேருமே மறுவாரம் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, தாங்கள் அப்படியில்லை என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். குரல் இங்கேயே இருக்கும்போது மாசத் திதி கொடுக்கலாமா, கொடுத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டதற்குப் புரோகிதர் வெகுநேரம் யோசித்து, உடம்புக்குக் கொடுங்கள், குரலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தணிகாசலத்தின் அக்கா தேசம்மா திருவள்ளூரிலிருந்து வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு குமிழி ‘அக்கா’ என்றது. “என்னடா சாமி, அக்கா இங்கதாண்டா இருக்கேன்” என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தணிகாசலம் ‘அக்கா, தண்ணி வந்துச்சா’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ரெஜினா, கையிலிருந்த கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘இந்தா’தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. தூறல் விழ ஆரம்பிக்கிற மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று, இந்தா, இந்தா. ஒவ்வொன்றுக்கும் பூங்காவனம் அந்தந்தப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். நாளாக நாளாகத் தெருவின் காதுகளுக்கு இதில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது.

“இது தீனி இந்தா” என்பான் மாசிலாமணி. “கடசீல லேசா இழுக்குது பாரு.”

“போடா, இது பொண்டாட்டி இந்தா. பட்டுனு கட் ஆவுதில்ல? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் நாயக் கூப்பிடற மாதிரிக் கூப்பிடுவாரு” என்பாள் ரெஜினா.

“அப்ப அது நாய் இந்தா ஆச்சே அக்கா.”

எல்லோரும் சிரிப்பார்கள். பூங்காவனமும் சிரித்துவைப்பாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் காலையின் இந்தாவை. அது இதற்குள் எங்கேயோ ஒரு நுரையில், தண்ணீரின் மேல்தோலோடு ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வந்து கேட்பதற்காக உடையாமல் இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

நம்பிக்கை முற்றியபோது பொறுமை போய்விட்டது. யாரும் இல்லாத ஒரு பிற்பகலில், ஜோடி போட்டிருந்த பெட்டிகளின் மூடியையெல்லாம் எடுத்துவிட்டு, கூடத்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துச் சுற்றவிட்டாள். சீக்கிரம் உடையட்டும், எல்லாம் வெளியே வரட்டும், அதில் அதுவும் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். ஃபைட்டர் வளர்க்கிற எந்த வீட்டிலும் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நுரை கட்டுகிற மீனுக்குத் தண்ணீர் அசையக் கூடாது, காற்றுப் படக் கூடாது, அதற்குத்தான் மூடி. காற்றுப் பட்டதும் நுரைகள் கூட்டமாக உடைந்தன. உப்பு மூடி மழை இந்தா டேய் போதும் இந்தா பாப்பா மேஸ்திரி அட இலை இந்தா இந்தா வெயில் என்று அவருடைய குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு, சந்தைக் கூச்சலாக எழுந்து, ஒன்றுமே பிரித்துக் கேட்காமல், அடங்கிவிட்டன. நுரையில் ஒட்டியிருந்த முட்டைகள் வெள்ளை வெள்ளையாகக் கழன்று தண்ணீருக்குள் இறங்கின. தகப்பன் மீன் ஒவ்வொன்றும் பாய்ந்து பாய்ந்து போய், விழுகிற முட்டையை வாயில் ஏந்தி, மேலே கொண்டுவந்து, நுரை இருந்த இடத்தில் துப்பியது. நுரை இல்லை. முட்டை திரும்ப விழுந்தது. மீன் திரும்ப ஓடியது. அவள் ஃபேனை நிறுத்தி, கையால் தண்ணீரை மூடப் பார்த்தாள். முட்டையைக் காப்பாற்ற முடியாத மீன் கடைசியில் அதைத் தின்றுவிடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“இன்னா அண்ணி இது, புள்ள பெத்தவ தலைமாட்டுல நின்னு மேளம் அடிச்ச மாதிரி?” என்றான் மறுநாள் வந்த மாசிலாமணி. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். காலிப் பெட்டிகளின் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் குந்தினான். “ஜோடி போடாதது இன்னும் ஒண்ணு இருக்குதில்ல. அத வுட்டு வெச்சீங்களே, அது வரைக்கும் நல்லது.”

இருந்தது. கதவுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரே ஒரு மீன், சாம்பல் நிறத்தில், விலைக்குப் போகாத சோனி மீன், அவர் விழுந்த காலையில் ஜோடி போடுவதற்காக வாதாம் இலை போட்டு அந்தப் பெட்டியில் விட்டிருந்தது. அதன்மேல்தான் அவர் கையை ஊன்றியிருந்தார். அதற்கு மட்டும் பெண் மீனை விடாமல் பூங்காவனம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது பயமாக இருந்தது. மற்றப் பெட்டிகளில் தேடும்போது, இங்கே இல்லாவிட்டால் அங்கே என்று ஒன்று மிச்சம் இருந்தது. இதைக் கேட்டுவிட்டால் அப்புறம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

அந்த மீன் தீனி எடுப்பதைக் குறைத்தது. இலைக்கு அடியில் ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்தது.

“வயசாயிடுச்சு, அண்ணி. இன்னும் தள்ளிப்போட்டா இது போயிடும். போச்சுன்னா அதுங்கூட அதுவும் போயிடும்.”

“சரி” என்றாள். “நாளைக்கு விடு.”

மாசிலாமணி கண்ணாடித் தம்ளரில் பெண் மீனை விட்டு, தம்ளரைப் பெட்டியின் நடுவே நிறுத்தினான். சாம்பல் மீன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கிழட்டு உடம்பை விரித்து, துடுப்புகளை விசிறியாக்கி, மேலே வந்து காற்றைக் கவ்வி, இலைக்கு அடியில் முதல் குமிழியை வைத்தது. மறுநாள் நுரை ஒரு பூரி அளவுக்கு வந்துவிட்டது. தம்ளரை எடுத்தார்கள். ஆண் பெண்ணை வளைத்துப் பிழிந்து, முட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கி நுரையில் ஒட்டியது. ஒட்டி முடித்ததும் பெண்ணைத் துரத்திக் கடிக்கத் தொடங்கியது, மாசிலாமணி பெண்ணை எடுத்துவிட்டான். இந்தத் தடவை பூங்காவனம் மூடியைத் தொடவில்லை. முட்டை வெடித்துக் குஞ்சு வர வர நுரை தானாகத்தான் உடையும் என்று மாசிலாமணி சொல்லியிருந்தான்.

குஞ்சு வெடிக்கிற அன்று யாருக்கும் யாரும் சொல்லிவிடவில்லை. ஆனாலும் வெயில் தாழ்வதற்கு முன் தெரு மாடிக்கு வந்துவிட்டது. கஞ்சன் என்ற சொல்லுக்குக் கோபித்துக்கொண்ட மூன்று பேரும் வந்தார்கள். தேசம்மா வந்தாள். ரெஜினா அன்றைக்குத் துணியைச் சாக்கு வைக்காமல், பழைய ஸ்டூலைப் போட்டுச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கமே இறங்கி வந்து பூங்காவனத்தின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். மூடிக்கு அடியிலிருந்து சொல் வந்தது. ‘இலை’ என்றது. ‘எங்கடா’ என்றது. ‘சோனி’ என்றது, அதில் சிரிப்பு இருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு குமிழி சொல்லே இல்லாமல் மூச்சாக உடைந்தது. மாடி ஏறிவந்த மனிதன் விடுகிற மூச்சு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு மூச்சு வந்தது. அதற்கு அடுத்த குமிழி, ‘இந்தா’ என்றது.

“தீனி” என்றான் மாசிலாமணி உடனே. “தீனி இந்தாதான், அண்ணி. இழுத்தாரு பாருங்க.”

“ஆமா, ஆமா, இழுத்துச்சு” என்றாள் ரெஜினா. பொண்டாட்டி இந்தாவுக்கு இத்தனை நாள் மல்லுக்கு நின்றவள் அவள்தான். “மீனுக்குத்தான், பூங்காவனம். நீ கேட்டது அதுதான். நீ ஒண்ணும் பண்ணல.”

“என் தம்பி ஒரு நொடியில போயிட்டாம்மா” என்றாள் தேசம்மா. “கூப்பிடறதுக்கு ஏது நேரம்?”

“அதான, கூப்பிடறதுக்கு ஏது நேரம்” என்றார்கள் மற்றவர்களும், ஒருவருக்குப் பின் ஒருவராக, கோயிலில் பிரசாதத் தொன்னையைக் கைமாற்றுகிற மாதிரி.

பூங்காவனம் அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒன்றைக் கொடுக்க வந்திருந்தார்கள், அவள் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆட்டினால் அந்தக் காலையில் மிக்சியைத் திருப்பிய கை குற்றமில்லாத கை ஆகிவிடும், இனி சட்னி அரைக்கலாம், உறங்கலாம், வினோதினி வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம். தலையை ஆட்டுவதற்கு இருந்தவள், ஆட்டினால் அவர் கடைசியாகக் கூப்பிட்டது ஒரு சாம்பல் மீனை என்று ஆகிவிடும் என்பதை அப்போதுதான் பார்த்தாள். மூச்சு அடைத்து, கை ஊன்றி, பக்கத்திலிருக்கும் கதவைக்கூட எட்ட முடியாமல் நிற்கிற ஒரு மனிதனுக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லாமல் போயிருக்கும். அத்தனை வருஷம் கீழே ஒருத்தி இருந்தது எதற்கும் ஆகாமல் போயிருக்கும். குற்றம் இல்லாத அந்த வீட்டில் அவளும் இருக்க மாட்டாள்.

மூடிக்கு அடியில் மறுபடி, முன்னைவிட மெல்லியதாக, இழுத்ததா வெட்டியதா என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாதபடி, ‘இந்தா’ என்று வந்தது.

“என்னங்க?” என்றாள் பூங்காவனம்.

பெட்டிப் பக்கம் குனிந்தாள்.

“தோ வந்துட்டேங்க” என்றாள். எழுந்து நின்றாள். வந்துவிட்ட இடத்திலேயே நின்றுகொண்டு, இன்னும் வந்துகொண்டே இருப்பவளைப் போல, “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானை மூக்குக்குப் போகவில்லை. அவர் இறந்த அன்றும் தூக்கிக்கொண்டு போன அன்றும் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து ஒரு மிருகத்தின் சத்தமாக எழுந்து வந்தது. அவளை யாரும் தேற்றவில்லை. தேற்றுவதற்கென்று அவர்கள் கொண்டுவந்த ஒரே சொல்லை அவள் வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரெஜினா மட்டும் அவளுடைய இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள், விழாமல் இருப்பதற்காக. மற்றவர்கள் ஒவ்வொருவராக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படி இறங்கிப் போனார்கள்.

அந்தப் பெட்டியில் அதற்குப் பிறகு சொல் வரவில்லை. வாலைத் தொங்கவிட்டுக் கண்ணிமை மயிர் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த குஞ்சுகள், விழுவதும் தகப்பன் ஏந்திவந்து ஒட்டுவதுமாக இருந்து, ஒருநாள் விழாமல் குறுக்கே நீந்தத் தொடங்கின. அப்போது தகப்பனைப் பிரித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பூங்காவனமே கையைக் குவித்து அதை எடுத்துப் பாட்டிலில் விட்டாள். சில நாளில் அது செத்தது. நந்தியாவட்டைத் தொட்டியின் மண்ணில் அதைப் புதைத்தாள்.

மாசிலாமணி வழக்கம்போல் வண்டியைத் தெருமுனையில் அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். இனி அதற்கு அவசியமில்லை என்று அவனுக்குத் தெரிந்தும் பழக்கம் விடவில்லை. அவன் கொடுத்த புழுவைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள். இத்தனை மாதமும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தீனி போடுகையில், நுரையிலிருந்து தொற்றிக்கொண்ட வழக்கத்தில், அவளும் ‘இந்தா, இந்தா’ என்றுதான் போட்டுக்கொண்டிருந்தாள். மீன்களும் அந்தச் சத்தத்துக்குத்தான் மேலே வரும். அன்றைக்குப் பாட்டில் பாட்டிலாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போனாள், வாயைத் திறக்கவில்லை.

பின்னாலேயே வாளியோடு வந்த மாசிலாமணி படிக்கதவில் நின்று பார்த்தான். “இன்னா அண்ணி, பேசாம போடுறீங்க? கூப்பிட்டாதான அதுங்களுக்குத் தெரியும்.”

“பசிச்சா தெரியும்” என்றாள் அவள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். “அது என் பேரு, மாசிலாமணி.”

மீன்கள் கொஞ்ச நேரம் அடியிலேயே நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வந்து, சொல் இல்லாத தீனியைத் தின்றன.